காதில் விழுந்தது

இறந்துபோன கணவன், வயலின் வித்வான் சேஷாத்ரி வாழ்நாளில் காதால் கேட்டதையும் அவன் கை வாசித்த விதத்தையும் ஏற்றிவைத்த, தானாகவே வயலின் வாசிக்கும் இயந்திரப் பெட்டியை வசுமதி டிசம்பர் கச்சேரிக்காக வாங்கியிருந்தாள். அவளுக்கு அவனைப் போல வாசிக்க வேறு ஆள் கிடையாது.

ஒத்திகையில் தோடி ராகம் பாடினாள். அவள் பாடியதையெல்லாம் பெட்டி அப்படியே திருப்பி வாசித்தது. அவள் மூச்சுக்காக நிறுத்தியபோது, அன்று அவள் பாடவே பாடாத ஒரு ஸ்வரப் பிடியை வாசித்தது.

மிருதங்கத்தோடு உட்கார்ந்திருந்த முகுந்தன் வெளிறிப்போனான்.

"இது நீ என் ஃப்ளாட்ல மட்டுமே பாடினது. போன வருஷம். கதவு சாத்தியிருந்துது, நாம ரெண்டு பேர்தான் இருந்தோம்."

"அவர் காதுல விழுந்தது மட்டுந்தான் இதுக்குள்ள இருக்கு," என்றாள் வசுமதி.

பெட்டி அந்தப் பிடியை இன்னொரு முறை வாசித்துவிட்டு, சேஷாத்ரி எப்போதும் செய்வதுபோல, அவள் பாடுவதற்காகப் பொறுமையாகக் காத்திருந்தது.