ஒரு கூடைத் தூரம்

"ரத்மலானையில பிளேன் ஏறினா, நீ ஒரு கூடை நிரப்பிறதுக்குள்ள நான் பலாலியில நிப்பன்" என்று கொழுந்தெடுக்கும் பேச்சாயியிடம் சிரித்துச் சொல்லிவிட்டு, தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் கனகசூரியம் லீவில் யாழ்ப்பாணம் புறப்பட்டார்.

மறுநாள் காலை, அவர் பிளேன் ஏறும் நேரத்தில், பேச்சாயி வெறுங்கூடையோடு தேயிலைச் செடி நிரையில் இறங்கினாள். மதியமாகியும் கூடை நிறையவில்லை. பாரம் முதுகை அழுத்தியது. கொழுந்தோ விளிம்புக்கு ஒரு சாண் கீழேயே நின்றது. பக்கத்து நிரை ராசம்மா தன் கூடையையும் அதில் கவிழ்த்துப் பார்த்தாள். அதே சாண்.

சாயங்காலம் தராசடியில் கங்காணி சத்தம் போட்டார். "நாளெல்லாம் எடுத்து ஒரு கூடை நெறையலையா?"

"பிளேன் இன்னும் எறங்கலை போலங்க."

பிளேன் பலாலிக்கு வந்து சேரவேயில்லை என்ற சேதி ஆபீசுக்கு மறுநாள்தான் வந்தது. அப்போதும் பேச்சாயி மழையில் நின்று, அதே கூடைக்குக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.