மாடிப்படியில் குத்துச்சண்டை

“எடையை மறந்துட்டுப் பாருடா! எல்லாரும் ஒரே எடைன்னு வெச்சுக்கோ. அப்ப உலகத்துலயே நம்பர் ஒன் யாரு? நம்ம இடதுகைக்காரன்தான்!”

“அம்பது கிலோகூட இல்லாத ஆளுண்ணே அவன்! எங்க இரும்புத்தாடை ஒரு தும்மல் போட்டா, உங்காளு கயிறைத் தாண்டிப் போய் விழுவான்!”

“அதான் சொல்றேன், எடையை மறடா மடையா!”

“நூத்திப் பத்து கிலோவை எப்படிண்ணே மறக்கறது?”

இரண்டாவது மாடித் திருப்பத்தில், பீரோவை நட்டநடுவே இறக்கி வைத்துவிட்டு இந்த வழக்கு நடந்துகொண்டிருந்தது.

கணக்கு டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புது வீடு நான்காவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. கீழே, திறந்த லாரியில் அவருடைய மெத்தை மல்லாந்து கிடக்கிறது. வானமோ நிமிஷத்துக்கு நிமிஷம் கறுத்துக்கொண்டு வருகிறது.

சாமான் ஏற்ற வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஐம்பதைத் தாண்டிய ஒல்லிக்குச்சி. குருவியண்ணன் என்று பெயர். இன்னொருவன் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆகிருதி, பெயரே மலை. குத்துச்சண்டை வீரர்களை வரிசைப்படுத்துவதில் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். முதல் மாடியில் பேச்சைக் கிளப்பியது மலை. இரண்டாவது மாடியில் குருவி.

“ஏங்க, பீரோ தூக்க வந்தீங்களா, பட்டிமன்றம் நடத்த வந்தீங்களா?”

“ரெண்டே நிமிஷம் டீச்சர். இவனுக்குப் பவுண்ட் ஃபார் பவுண்டுன்னா என்னன்னே புரிய மாட்டேங்குது.”

மலை ஒரு காலை மேல்படியில் வைத்து, முட்டியைத் தடவிக்கொண்டே சிரித்தான்.

“எனக்குப் புரியுது!” என்று வெடித்தார் டீச்சர். “ஒருத்தரோட எடைக்கு எவ்வளவு வேலை நடக்குதுங்கற கணக்குதானே? அதுல உங்க ரெண்டு பேருக்கும் முட்டை மார்க்! இனிமே குத்துச்சண்டைன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்துச்சு, உங்க முதலாளிக்குப் போன் போட்டுடுவேன்!”

இருபது வருஷம் வகுப்பை அடக்கிய குரல். இருவரும் கப்சிப்.

பீரோ எங்கும் நிற்காமல் நான்காவது மாடிக்குப் போய்ச் சேர்ந்தது. அதட்டினால்தான் வேலை நடக்கிறது என்று டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. குருவியண்ணன் மட்டும் சுவரைப் பிடித்தபடியே குளியலறைக்குள் போனார். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஆள் வெளியே வரவில்லை.

மலை குளியலறைப் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டு டீச்சரிடம் வந்தான்.

“டீச்சர், முதலாளிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அண்ணனுக்கு முன்ன மாதிரி முடியல. ரெண்டு மாடி ஏறினா மூச்சு வாங்குது. உக்காருங்கண்ணேன்னா ரோஷம் பொத்துக்கிட்டு வந்துடும். குத்துச்சண்டைன்னு கிளப்பிவிட்டாத்தான் சாமானை இறக்கிட்டுப் பாடம் எடுப்பாரு. அதுக்குள்ள மூச்சு திரும்பிடும். முதலாளிக்குத் தெரிஞ்சா நாளைக்கே வேற ஆளைப் போட்டுடுவாரு.”

“அப்ப இரும்புத்தாடைதான் நம்பர் ஒன்னுன்னு நீங்க அந்தக் கத்து கத்தினது?”

“அவனா? சுத்த சோப்ளாங்கி டீச்சர். அண்ணன் சொல்றதுதான் சரி.”

டீச்சருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஒரு மனுஷன் மூச்சுக்குத் தவித்த நேரத்தில், மெத்தைக்காக அல்லவா கத்தித் தொலைத்தோம் என்று வெட்கமாக இருந்தது.

அடுத்தது வாஷிங் மெஷின். டீச்சரும் பின்னாலேயே ஏறி வந்தார். இருவரும் வாயைத் திறக்கவே இல்லை. போட்ட அதட்டல் அப்படி. மலை படிக்குப் படி பல்லைக் கடித்தான். என்மேல் இன்னும் கோபம் போலிருக்கிறது என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். இரண்டாவது மாடி வருவதற்குள் குருவியண்ணனின் மூச்சு விசில் அடிக்க ஆரம்பித்தது.

எங்கோ இடி உறுமியது. மெத்தை நனைந்தால் நனையட்டும். ஒருநாள் தரையில் படுத்தால் குடி முழுகிப் போய்விடாது.

“அண்ணே, எனக்கு ஒரு சந்தேகம்,” என்றார் டீச்சர். “ஒருத்தரோட குத்தை அவர் எடையால வகுத்துட்டா, யாரு நம்பர் ஒன்னுன்னு விடை வந்துடும் இல்ல? இதுக்குப் போய் எதுக்குச் சண்டை?”

மெஷின் தொப்பென்று தரைக்கு வந்தது.

“வகுக்கறதா!” குருவியண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். “டேய் மலை, டீச்சர் குத்துச்சண்டைய வகுக்கறாங்கடா! இப்படி உக்காருங்க டீச்சர், சொல்றேன்.”

டீச்சர் படியில் உட்கார்ந்தார். அவரும் உட்கார்ந்தார். இடதுகைக்காரன் எப்படி நகர்வான், எப்படி ஏமாற்றுவான் என்று பத்து நிமிஷம் பாடம் நடந்தது. நடுநடுவே மலை உளறினான். டீச்சர் அதைவிட மோசமாக உளறினார். குருவியண்ணனின் மூச்சு மெல்லச் சீரானது.

தூறல் விழுந்தது. மலை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, மெத்தையைச் சீக்கிரம் மூடச் சொல்லி லாரி டிரைவரைப் பார்த்துக் கத்தினான்.

அந்தச் சமயம் பார்த்துக் குருவியண்ணன் டீச்சர் பக்கம் குனிந்தார்.

“நல்ல வேளை கேட்டீங்க டீச்சர். அந்தப் பயலுக்கு முட்டி தேஞ்சு போச்சு. நில்லுடான்னா நிக்க மாட்டான்; அதான் குத்துச்சண்டையச் சாக்கு வெச்சு இழுத்து இழுத்துப் பேசறேன். முதலாளிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க!”