கொட்டிப்போன சாம்பிள்

"கை தவறிக் கொட்டிடுச்சா? கவனம் எங்கம்மா இருந்துச்சு?"

கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு லேப் வாசலில் அவள் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது.

"மன்னிச்சுக்கோங்கக்கா. நாளைக்குக் காலையில வேற டப்பாவுல சளி குடுத்துடுங்க," என்றாள் டெக்னீஷியன். விரலெல்லாம் சிவப்புச் சாயம்.

"மூணு வாரமா இருமறாரு. வேலை இருக்கு, வேலை இருக்குன்னவரைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிட்டு வந்திருக்கேன். நீ சாவகாசமாக் கொட்டிட்டு நிக்கறே."

ஸ்கூல் வேன் ஓட்டுகிற அவள் கணவன் தரையைப் பார்த்தபடி நின்றான். தான் கத்துவது அவனுக்கு வெட்கமாக இருக்கிறது போல என்று நினைத்தாள். இருக்கட்டுமே.

மறுநாள் கொடுத்த சளியை ஸ்லைடில் தடவி, சிவப்புச் சாயம் ஊற்றிச் சூடுகாட்டி, ஆசிட்டில் கழுவினார்கள். மற்றதெல்லாம் வெளுத்துப்போக, கிருமிகள் மட்டும் சிவப்பை விடவில்லை. காசநோய்தான்.

ஆறு மாதம் வேளை தவறாமல் மாத்திரை. குழந்தைக்கும் தடுப்பு மருந்து. இன்று கடைசி டெஸ்ட். ஸ்லைடில் ஒரு கிருமிகூட இல்லை. போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு.

ரிசல்ட்டை வாங்கியவள் சும்மா இருக்கவில்லை. "இந்தத் தடவை கொட்டாமப் பாத்தியே, பெரிய உபகாரம்."

டெக்னீஷியன் சிரித்தாள்.

படி இறங்கும்போது கணவன் நின்றுவிட்டான்.

"அன்னிக்கு ஒண்ணும் கொட்டல."

"என்ன சொல்றீங்க?"

"நோய்னு தெரிஞ்சா வேன் ஓட்ட விடமாட்டாங்கன்னு பயந்து, வெறும் எச்சிலைத் துப்பிக் குடுத்துட்டேன். மைக்ரோஸ்கோப்புல பார்த்தா சளியே இல்லையாம், வாய்க்குள்ள இருக்கற தோல்தான் தெரிஞ்சுதாம். அந்த டெக்னீஷியன் என்னைத் தனியாக் கூப்பிட்டு, 'வீட்டுல கைக்குழந்தை இருக்கு, வேன்ல அத்தனை பிள்ளைங்க. நாளைக்கு நெஞ்சிலேர்ந்து இருமிக் குடுங்க. உங்க வீட்டம்மாகிட்ட நான் கொட்டிட்டதா சொல்லிக்கறேன்'னாங்க."

அந்தப் பெண்ணை அவள் எத்தனை பேச்சு பேசியிருக்கிறாள். குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டு, விடுவிடுவென்று லேபுக்குத் திரும்பினாள்.

அங்கே வேறொரு அம்மாள் டெக்னீஷியனைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தாள். "அதெப்படிக் கொட்டும்? கண்ணு என்ன பொடனியிலயா இருந்துச்சு?"

பக்கத்தில் அந்த அம்மாளின் தாடிக்கார மகன், தரையைப் பார்த்தபடி.

இவள் குறுக்கே போய் நின்றாள்.

"அவங்களைத் திட்டாதீங்கம்மா. எங்களுக்கும் இப்படித்தான் கொட்டினாங்க. அதனாலதான் என் வீட்டுக்காரர் இன்னிக்குப் பிழைச்சு நிக்கறார்."