பதினாலு எட்டு

"கூடாரத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கமா மாத்திக்கிறீங்களா, சார்?"

காவலாளி செல்லசாமி இப்படிக் கேட்பது நேற்றிலிருந்து நான்காவது தடவை.

"ஏன்? இஞ்ச என்ன குறை?" என்றார் ஜெயரத்தினம். கொட்டகலையில் சரித்திரம் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்து வாத்தியார். விடுமுறைக்கு மனைவி புனிதவதியோடும் மகள் கஜனியோடும் கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்து உல்லாச முகாமுக்கு வந்திருந்தார்.

"அங்க காத்து கம்மிங்க." எங்கோ பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனார் செல்லசாமி.

புனிதவதி கிசுகிசுத்தாள். "இஞ்சாருங்கோ, இந்த மனுசன்ர போக்குச் சரியில்லை. விடியக்காலமை மண்வெட்டியோட அந்தக் கல்லறையில இருந்து காலடி எண்ணிக்கொண்டு எங்கட கூடாரம் வரைக்கும் வந்தவர். நான் கண்டனான்."

ஜெயரத்தினத்துக்குச் சுருக்கென்றது. அது நூற்றைம்பது வருஷத்து வெள்ளைக்காரத் துரையின் கல்லறை. முகாமின் துண்டுப்பிரசுரத்தில் 'பார்க்க வேண்டிய இடம்' என்று படம் போட்டிருந்தார்கள். நேற்று ஒரு மணிநேரம் நின்று அதன் எழுத்தையெல்லாம் கொப்பியில் இறக்கியிருந்தார். பழைய இடமென்றால் புதையலுக்கு ஆள் வராமலா இருக்கும்?

மரத்தடியில் செல்லசாமியின் பை. மெல்லத் திறந்து பார்த்தார். தேங்காய், வெற்றிலை, கற்பூரம்.

"பார்த்தீரே? பூசை போட்டுத்தான் தோண்டுவினம். கிழமைக்கு ஒருக்கா பேப்பரில வருது!"

"முதலாளிக்குச் சொல்லி ஆளை வேலையால நிற்பாட்டுங்கோ!" என்றாள் புனிதவதி.

செல்லசாமி மண்வெட்டியோடு திரும்பி வந்தார். ஜெயரத்தினம் போனைக் கையில் எடுத்தார்.

"உண்மையைச் சொல்லும். இல்லாட்டிப் பொலிசுக்குக் கோல் எடுப்பன். எங்கட கூடாரத்துக்குக் கீழ என்ன கிடக்கு?"

செல்லசாமி திரும்பிப் பார்த்தார். கஜனி தூரத்தில் பூப் பறித்துக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தினார்.

"எம் பொஞ்சாதிங்க."

புனிதவதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னிக்கு அவளுக்குத் திதி. புல்லைச் செதுக்கிட்டு ஒரு கற்பூரம் ஏத்தலாம்னுதான்... எங்க ஆளுங்களப் பொதைச்ச எடத்த நிரவித்தாங்க முகாம் போட்டாங்க. துரைக்குக் கல்லு இருக்கு. அதுலருந்து பதினாலு எட்டு. எண்ணித்தான் எடத்தக் கண்டுபுடிக்கிறது."

ஜெயரத்தினத்தின் கை தானாகக் கீழே இறங்கியது. கோபத்தை மட்டும் விடமுடியவில்லை.

"அதை நேற்றே சொல்லியிருக்கலாமே, ஐசே!"

"ராத்திரி பாப்பா அதுமேலதான படுக்கணும்? சொன்னா பயந்துரும்ல, சார்."