பழசுக்கு வரி இல்லை

விமான நிலையக் கஸ்டம்ஸ் மேசையில் பெட்டி திறந்து கிடந்தது. மேலாக இருந்த மெரூன் சட்டையை அதிகாரி இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

காலரில் கறுப்பாக அழுக்கு.



"யாரோடது இதெல்லாம்?"

"எங்க ரூம்ல இருந்த அண்ணனோடது சார். மலைச்சாமின்னு பேரு. போன மாசம் இறந்துட்டாரு."

அவன் தூதரகத்தில் வாங்கிய காகிதத்தை நீட்டினான். அதிகாரி அதைப் படிக்கும் வரை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

இறந்தவர் சாமானில் பழசுக்கு வரி இல்லை. புதுசாக இருந்தால் தீட்டிவிடுவார்கள். சார்ஜா தொழிலாளர் கேம்பில் சின்னவன் பெரியவன் எல்லோருக்கும் தெரிந்த சட்டம் இது. எங்கே எழுதியிருக்கிறது என்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

மலைச்சாமியிடம் இருந்ததெல்லாம் புதுசுதான். ஊருக்குப் போகும்போது உடுத்த என்று வாங்கி வாங்கிக் கட்டிலுக்கடியில் அடுக்கியிருந்தார். குண்டூசிகூட எடுக்காத சட்டைகள். எல்லாம் மெரூன். மனிதருக்கு வேறு நிறமே ஆகாது.

வேலையிடத்தில் தலைசுற்றி விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. உடம்பு முன்னாலேயே ஊருக்குப் போய்விட்டது.

அறையில் மிச்சமிருந்த நாலு பேரும் கூடிப் பேசினார்கள். புதுசைப் பழசாக்கினார்கள்.

ஆளுக்கொரு சட்டை. அதோடு வேலைக்குப் போனார்கள், அதோடு படுத்தார்கள். செருப்பைப் போட்டுத் தேய்த்தார்கள். சென்ட் பாட்டிலைப் பாதியாக்கினார்கள். எண்ணம் என்னவோ நல்ல எண்ணம்தான். அந்த மனுசன் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது அவர் வீட்டுக்கு முழுசாகப் போய்ச் சேரட்டும் என்று நினைத்தார்கள்.

அடுப்பு முன்னால் ஒரு மெரூன் முதுகு. கட்டிலில் ஒரு மெரூன் முதுகு.

யாரும் யாரையும் பின்னாலிருந்து பார்க்கப் பிரியப்படவில்லை.

ஒரு காலையில் கேம்ப் பஸ்ஸுக்கு நிற்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல், "ஏ, மலைச்சாமி" என்றது. விஷயம் தெரியாத பக்கத்து அறைக்காரன்.

"ம்" என்றான் அவன்.

சொன்ன பிறகுதான் தூக்கிவாரிப் போட்டது.

மலைச்சாமி உண்மையிலேயே உடுத்திக் கிழித்த துணி நாலைந்து இருந்தது. லுங்கி, பனியன், வேலைச் சட்டை. கந்தலைச் சுமப்பானேன், பெட்டி எடை கூடும் என்று அதையெல்லாம் குப்பையில் போட்டார்கள்.

அவன் பெட்டியோடு ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் அவர் சம்சாரம் பஞ்சவர்ணம் போன் செய்தாள்.

"மூடுன பொட்டியத்தான் தம்பி எங்கிட்டக் குடுத்தாக. மொகத்தக் காட்டல. அவுக உடுத்துன சட்டை ஒண்ணே ஒண்ணு, தொவைக்காமக் கொண்டாங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"சரி மதினி" என்றுவிட்டான்.

போனை வைத்துவிட்டுக் குப்பைத் தொட்டிக்கு ஓடினான். லாரி வந்து அள்ளிப் போயிருந்தது.

"எல்லாம் பழசா?" என்றார் அதிகாரி.

"பூராவும் பழசு சார். புதுசு ஒண்ணுமில்ல. வரி போட்டுறாதீங்க."

அதிகாரி சட்டையை மடித்தார். மரியாதையாகவே மடித்தார்.

"புதுசா இருந்தாத்தான் என்னப்பா? நாலு சட்டை, ஒரு செருப்பு, ஒரு சென்ட். இதுக்குப் போயி யாரு வரி கேப்பா? யாரு சொன்னா உங்களுக்கு?"

அவன் பெட்டியை மூடினான். ஜிப்பை இழுத்தான். அது பாதியில் சிக்கிக்கொண்டது. அதிகாரியே பிடித்துச் சரிசெய்து கொடுத்தார்.

வெளியே வெயில் கொளுத்தியது.

பஞ்சவர்ணம் தன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு கார் எடுத்து வந்திருந்தாள். வந்தவனை வா என்றுகூடக் கேட்கவில்லை. பெட்டியை வாங்கித் தரையில் வைத்தாள். அங்கேயே உட்கார்ந்து திறந்தாள்.

மேலே இருந்த சட்டையை எடுத்தாள்.

அது அவன் உடுத்தியது.

"மதினி, அது வந்து..."

அதற்குள் முகத்தைப் புதைத்துவிட்டாள்.

தள்ளுவண்டிகள் அவளைச் சுற்றிக்கொண்டு போயின. அவள் மூச்சை இழுத்தாள். விடவில்லை. மறுபடியும் இழுத்தாள்.

அவள் கண்டுபிடித்துவிட்டால் அந்த இடத்திலேயே உயிர் போனால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. கண்டுபிடிக்காவிட்டால் என்ன செய்வது என்று அவன் யோசிக்கவே இல்லை.

அவள் தலையைத் தூக்கினாள். முகம் நனைந்திருந்தது.

"அவுகதான்" என்றாள். "அப்படியே இருக்காக தம்பி."

அண்ணன்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெட்டியைத் தூக்கி வண்டியில் ஏற்றினார். பின்கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறுங்க தம்பி. ஊரு வரைக்கும் ஒண்ணாவே போயிருவோம். ஏசி போட்டிருக்கேன்."

பஞ்சவர்ணம் முதலில் ஏறினாள். சட்டை அவள் மடியில் இருந்தது. அவனுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். கண்ணாடிகள் எல்லாம் மேலே ஏறியிருந்தன.

அவன் கதவு வரை வந்தான். முதுகில் சட்டை வேர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் மடியில் இருந்த சட்டையின் அதே வாடை.

ஓரடி பின்னால் போனான்.

"நீங்க போங்க மதினி" என்றான். "நான் பஸ்ல வந்துர்றேன்."