கதவில் ஒட்ட ஒரு படம்

2016 அக்டோபர் 9, ஞாயிறு. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர், ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கு. டெஸ்மண்ட் காரைப் புல்லோரம் நிறுத்துகிறார். மேகம் விலகிக் கல்சுவர்களின் மேல் மஞ்சள் வெயில் இறங்குகிறது. இத்தனை வருட ஞாயிறுகளில் அவர் எடுத்த படங்களில் மலை உண்டு, ஆடு உண்டு; மனைவி மோரீன் இல்லை. மறதி நோயாளிகள் இல்லத்தில் நாளை அவளைச் சேர்க்க வேண்டும். தன் அறையை அவள் அடையாளம் காண, கதவில் ஒட்ட அவள் படம் கேட்டிருக்கிறார்கள். "மோரீன், அந்தச் சுவர்கிட்ட போய் நில்லும்மா." "நானா? ஏன், ஆடு ஒண்ணும் கிடைக்கலையா?" சிரித்தபடி போகிறாள். காற்றில் தலைத்துணி படபடக்கிறது. அவர் கேமராவைக் கண்ணருகே கொண்டுபோனதும் சட்டென்று ஓரமாக விலகிக்கொள்கிறாள். "ஏன் நகர்ந்த?" "நீதானே எப்பவும் மறைக்காதேம்ப. எடு, வெளிச்சம் போயிடும்." மீண்டும் கூட்டிவந்து நிறுத்துகிறார், மீண்டும் விலகுகிறாள். வெயில் மறைகிறது. அன்று எடுத்த எல்லாப் படங்களிலும் கல்சுவரும் மலையும்தான் இருக்கின்றன.