ராணிக்கு வசனம் இரண்டு

“ஆறு இருபதுக்குத் திரை ஏறணும். எட்டு மணிக்குச் சாப்பாடு. செத்து விழ ஆரும் ஒருபாடு நேரம் எடுக்கப்படாது, கேட்டியளா?” என்றார் ஜெயசிங் சார்.

மேடைக்குப் பின்னால் எல்லோரும் சிரித்தார்கள். ஜெயதாஸ் சிரிக்கவில்லை. கடைசிக் காட்சியில் சாக வேண்டியவன் அவன்தான்.

கேரள எல்லையில், பாறசாலைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கிறிஸ்தவ சபையின் ஆண்டு விழாவுக்கு வருசந்தோறும் நாடகம் எழுதுவது சார்தான். இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பழிவாங்கும் கதை என்றால் அவருக்கு உயிர். இந்த வருசம், ராஜாவைக் கொன்று நாட்டைப் பிடிக்கிறான் தளபதி. ராஜாவின் தம்பி பானத்தில் விஷம் கலந்து பழி தீர்க்கிறான். மகளுக்குப் பைத்தியம் பிடிக்கிறது. ராணி ஒன்றும் அறியாமல் அந்தக் கோப்பையைத் தளபதியிடம் கொடுக்கிறாள்.

“ராணிக்கு வேற வேலை ஒண்ணும் இல்லியா சாரே?” என்று முதல் ஒத்திகையில் ரெஜிலா கேட்டாள்.

“இந்த மாதிரி நாடகத்திலே பெண்ணுங்களுக்கு இவ்வளவுதான் மக்கா. ஆணுங்க பழி வாங்குவாங்க. பெண்ணுங்க அழுவாங்க, இல்லேன்னா கோப்பை எடுத்துக் குடுப்பாங்க. உனக்கு ரெண்டு வரி வசனம் உண்டு.”

“அது போதும்” என்றாள்.

அந்தப் ‘போதும்’ ஜெயதாசை உறுத்தியது. ரெஜிலா இதுவரை மேடை ஏறியவள் இல்லை. பாடகர் குழுவுக்குக்கூட வராதவள். அவளே வந்து ராணி வேடம் கேட்டதாக சார் சொன்னார்.

அவள் கணவன் ஜெனில் செத்துப் பதினோரு மாதம் ஆகிறது. நேரம் வெளுக்கும் முன்பு ரப்பர் வெட்டப் போனவனை ஒரு வண்டி இடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போனது. எந்த வண்டி என்று ஊரில் யாருக்கும் தெரியாது.

ஜெயதாசுக்குத் தெரியும். அன்றைக்கே செக்போஸ்ட் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் மார்த்தாண்டத்துக்கு ஓட்டிப்போய், தன் பிக்கப்பின் முன்பக்கத்தை மாற்றினான். போலீஸ் இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் விசாரித்துவிட்டு ஓய்ந்தது. ஜெனிலின் அடக்கத்துக்குப் பந்தலும் நாற்காலியும் அதே வண்டியில்தான் வந்தன. வாடகை வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

ஒரு நாள் ஒத்திகை முடிந்ததும் ரெஜிலா அந்த வண்டியின் அருகே நின்றுகொண்டிருந்தாள். முன்பக்கம் புதுசா அண்ணா என்று கேட்டாள். பழசு துருப்பிடித்துப் போச்சு என்றான். நல்லா இருக்காக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள். சபையில் பிக்கப் வைத்திருக்கும் மற்ற மூன்று பேரிடமும் அவள் இப்படி வண்டிப் பேச்சு பேசியிருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனாலும் அதற்குப் பிறகு, ஒத்திகையில் அவள் எல்லோருக்கும் கொடுக்கும் பால் விடாத கட்டன்சாயாவை அவன் வாங்கிக் குடிக்கவில்லை.

ஒத்திகைகளில் கோப்பை காலியாகவே இருந்தது. இன்று ரெஜிலா வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்க் கொண்டுவந்தாள். காலிக் கோப்பையிலிருந்து குடித்தால் முன்வரிசைப் பிள்ளைகள் சிரிக்கும் என்றாள். சாரும் சரி என்றார்.

“அதிலே என்ன?” என்று கேட்டான் ஜெயதாஸ்.

“கட்டன்தான் அண்ணா. சீனி கூட இட்டிருக்கேன்.”

மகள் வேடத்துக்குத் தலைமுடியைக் கலைத்துக்கொண்டிருந்த லிஷா திரும்பிப் பார்த்தாள். “விஷமாக்கும் அண்ணா. ஒரே இழுப்பிலே குடிச்சிட்டு நேரத்தோட செத்திருங்க. எனக்குப் பசிக்கிது.”

ரெஜிலா பிளாஸ்கைத் திறந்து ஊற்றினாள். ரப்பர்பால் உறையவைக்கும் ஆசிட் வாடை வந்தது. ஜெனில் போன பிறகு பாலெடுத்து ஷீட் அடிப்பது அவள்தான். வீட்டில் ஆசிட் உண்டு. வாடை அவள் கையிலிருந்து வருகிறதா, கோப்பையிலிருந்து வருகிறதா என்று தெரியவில்லை.

கடைசிக் காட்சி. ஜெயதாஸ் சிம்மாசனத்தில் இருந்தான். ரெஜிலா கோப்பையோடு வந்தாள்.

“பிரபுவே, களைத்திருக்கிறீர், அருந்தும்.”

வாங்கிக் குடிப்பதுபோல் பாவித்துவிடலாம் என்று அவன் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. இன்னும் நெருங்கி, கோப்பையைத் தானே அவன் வாயருகே கொண்டுவந்தாள். அவன் கண்ணையே பார்த்தாள்.

“உமக்கென்றே கலந்தது. ஒரு துளியும் மிச்சம் வைக்காதேயும்.”

ஆசிட் வாடை மூக்கில் ஏறியது. அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினான். பாதி சிந்தியது.

“நான் குடிக்க மாட்டேன். இவ இதிலே ஆசிட் கலக்கியிருக்கா. சாரே, திரையை இறக்குங்க. இவ என்னைக் கொல்ல நிக்கிறா.”

மேலே தொங்கிய மைக் அதை ரோடு வரைக்கும் கொண்டுபோனது. பின்வரிசையில் இரண்டு பேர் வசனம் என்று நினைத்துக் கை தட்டினார்கள். பிறகு அவர்களும் நிறுத்தினார்கள். திரைக் கயிற்றைப் பிடித்திருந்த சார் அதை இறக்கவில்லை.

ரெஜிலா கோப்பையில் மிச்சம் இருந்ததைக் குடித்தாள். முழுவதும் குடித்தாள். அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். ஒன்றும் ஆகவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு மைக்குக்குக் கீழே வந்தாள். அவளுக்கு எழுதிக் கொடுத்திருந்த இரண்டு வரியும் முடிந்திருந்தது.

“வெறும் கட்டனாக்கும். உங்களைக் கொல்ல எனக்கு என்ன காரணம் உண்டு, ஜெயதாஸ் அண்ணா?”